எண்ணெயை வெளியே தள்ளுவது யார்? – பழைய டீசல் பிக்கப்பின் ஆயில் கசிவு பற்றி ஒரு பாடம்



சென்ற மலரில் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பராமரிப்பது பற்றி எழுதியிருந்தேன். படித்த சிலர், "அடுத்த முறை வண்டியைப் பற்றி எழுதுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். நாக்பூரில் நம்மவர் பலர் மாவு, அப்பளம், பலகாரம், பூ என்று சிறு தொழில் நடத்துகிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு பழைய டீசல் பிக்கப்தான் வலது கை. அந்த வண்டிகளில் அதிகம் காணும் குறை ஆயில் கசிவு. ஆகவே இந்த முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். ரயில்வேயில் சார்ஜ்மேனாகச் சேர்ந்து, பெரும்பாலும் டீசல் ஷெட்டுகளில் வேலை பார்த்து, 2019-இல் ஓய்வு பெற்றேன். லாரி மெக்கானிக் அல்ல. ஆனாலும் எஞ்சின் எதுவானாலும் எண்ணெயின் குணம் ஒன்றுதான்.

நடந்தது என்ன?

நம் சங்கத்து அன்பர் ஒருவரும் அவர் மனைவியும் இட்லி, தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் தரம்பேட், சீதாபுல்டி, இத்வாரி என்று சுமார் 40 கடைகள். வண்டி ஒரு நாள் நின்றால் மாவு புளித்துவிடும். இரண்டு நாள் நின்றால் கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

அந்த வண்டியில் ஆயில் ஒழுகத் தொடங்கியது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியிலிருந்து சொட்டியது. பட்டறையில், "பின்பக்க கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது" என்று சொல்லி, கியர்பாக்ஸை இறக்கிப் புது சீல் போட்டார்கள். 9,000 ரூபாய் ஆயிற்று. பதினோராம் நாள் மறுபடியும் அதே இடத்தில் சொட்டு. இந்த முறை, "கிராங்கே தேய்ந்துவிட்டது. எஞ்சினை இறக்க வேண்டும். 40,000 ஆகும்; பத்து நாள் வண்டி கிடைக்காது" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பையனைக் கொண்டுவந்து விட்ட அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, வண்டியை இரும்பு விலைக்குத் தள்ளிவிடலாமா என்று இவுக கேக்காக. நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்."

"பார்க்கிறேன் தங்கச்சி. அதுவரை எதையும் விற்காதீங்க, எதையும் கழட்டாதீங்க" என்றேன்.

ஷெட்டில் கற்ற பாடம்

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. டபிள்யூ.டி.எம்.2 என்ற ரயில் எஞ்சினைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. 1962-இல் முதல் எஞ்சின்கள் அங்கிருந்து வந்தன; 1964 முதல் வாராணசியில் நாமே செய்யத் தொடங்கினோம். 16 சிலிண்டர்; 2,600 குதிரைச் சக்தி. அதன் கிராங்க் கேஸுக்கு மேலே சிறு மின்மோட்டாரில் ஓடும் உறிஞ்சி விசிறி ஒன்று இருக்கும். எக்ஸாஸ்டர் என்போம். உள்ளே சேரும் ஆவியையும் புகையையும் இழுத்து வெளியே விடுவது அதன் வேலை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எஞ்சினில் பக்கவாட்டு மூடிகள் எல்லாம் ஒழுகின. நான் பேக்கிங்கை மாற்றினேன். ஒழுகியது. இன்னும் கனமான பேக்கிங் போட்டேன். அதுவும் ஒழுகியது. மூன்றாம் முறை மாற்றப்போகும்போது ஓய்வு பெறும் வயதிலிருந்த ஃபிட்டர் ஒருவர் வந்து, "சாப், பஹலே போஞ்சோ" என்றார். முதலில் துடையுங்கள் என்று பொருள். துடைத்துவிட்டு, வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றிக் கிராங்க் கேஸில் மாட்டிக் காட்டினார். உள்ளே உறிஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தம் இருந்தது. எக்ஸாஸ்டர் பெயருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது; அதன் வழி கரிபிடித்து அடைத்திருந்தது. அடைப்பை எடுத்ததும் நான் போட்ட பேக்கிங்கே போதுமானதாக இருந்தது.

எண்ணெய் தானாக வெளியே வருவதில்லை. யாராவது தள்ளினால்தான் வரும். இந்தப் பாடத்தை அன்று கற்றேன். எந்தக் கசிவைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்று, எங்கிருந்து வருகிறது? இரண்டு, எது தள்ளுகிறது? முதல் கேள்விக்கு விடை கண்டதும் பலர் ஸ்பானரை எடுத்துவிடுகிறோம். இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

முதல் படி: என்ன எண்ணெய்?

இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தை அட்டையில் குறித்துக்கொண்டால், காலையில் சொட்டு விழுந்த இடத்திற்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று தெரியும்.

ஓடிய டீசல் எஞ்சின் ஆயில் கரி கலந்து கறுப்பாக இருக்கும். கியர் ஆயில் அதைவிடக் கெட்டி; கந்தக நெடி அடிக்கும். டீசல் நீர்த்து, அட்டையில் விரைவாகப் பரவும், வாசனையே சொல்லிவிடும். ரேடியேட்டர் தண்ணீர் பச்சையாகவோ துருநிறமாகவோ இருக்கும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சொட்டினால் அது எஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலா என்று முகர்ந்து பார்க்காமல் கியர்பாக்ஸில் கை வைக்கக் கூடாது.

இரண்டாம் படி: துடை, பிறகு தேடு

எண்ணெய் கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னாலும் தள்ளும். ஆகவே சொட்டும் இடம் பெரும்பாலும் கசியும் இடம் அல்ல. மேலே டாப்பட் கவரின் பின் மூலையில் கசியும் எண்ணெய், எஞ்சின் முதுகு வழியாக இறங்கி, ஃப்ளைவீல் கூட்டின் அடியில் வந்து சொட்டும். பார்ப்பவர் பின் சீல் போய்விட்டது என்றே நினைப்பார்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மண்ணெண்ணெய் அல்லது டீசலைப் பிரஷ்ஷில் தொட்டு மேலிருந்து கீழாகத் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோல் கூடவே கூடாது, தீப்பிடிக்கும். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், காற்று வடிகட்டியின் வாய் ஆகியவற்றைப் பாலிதீன் பையால் மூடிக்கொள்ளுங்கள். துணியால் துடைத்து உலரவிட்டு, பைகளை நீக்கி, பேக்கிங் சேரும் இடங்களில் எல்லாம் முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, சூடாகும்வரை ஓடவிட்டு, டார்ச் விளக்குடன் மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரம் முதலில் தெரியும் மிக உயரமான இடம்தான் கசியும் இடம். ஒன்றும் தெரியாவிட்டால் 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது துண்டு, துப்பட்டா, தொளதொளச் சட்டைக் கை எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, சேஸிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வைத்த பிறகே நுழைய வேண்டும்.

நம் அன்பர் வண்டியில் இப்படிப் பார்த்ததில் மூன்று இடங்கள் தெரிந்தன. டாப்பட் கவரின் பின் மூலையில் நல்ல கசிவு. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் பிரேக்குக்கான வேக்யூம் பம்ப் இருக்கிறதல்லவா, அதிலிருந்து எண்ணெய் திரும்பும் ரப்பர் குழாயின் கிளிப்பில் ஈரம். ஃப்ளைவீல் கூட்டின் அடித்துளையில் லேசான ஈரம். முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

மூன்றாம் படி: எது தள்ளுகிறது?

சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். எந்த எஞ்சினிலும் இது உண்டு. அது வெளியேறுவதற்கென்று வைத்த வழிதான் பிரீதர். டாப்பட் கவரிலோ அதன் அருகிலோ ஒரு குழாய் இருக்கும். பல எஞ்சின்களில் அதற்குள் கம்பி வலையோ தடுப்புத் தகடோ இருக்கும். ஆவியோடு வரும் எண்ணெயைப் பிடித்து உள்ளே திருப்பிவிடும்.

இந்த வழி அடைபட்டால், இறங்கிய வாயு எங்கே போகும்? எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். இன்று ஒரு சீலை மாற்றினால் நாளை இன்னொரு பேக்கிங்கில் வரும்.

இதை அளக்க ஒரு கருவி செய்தோம். 2 மீட்டர் கண்ணாடிப் பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் 'யூ' வடிவில் கட்டி, நடுவில் பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டினோம். பாதிவரை தண்ணீர், தெளிவாகத் தெரியச் சொட்டு நீலம் இரண்டு துளி. ஆயில் ஊற்றும் வாயின் பழைய மூடி ஒன்றைக் கபாடிக் கடையில் வாங்கி, அதில் துளை போட்டுப் பித்தளை நிப்பிள் பொருத்தி, குழாயின் ஒரு முனையை அதில் மாட்டினோம். மறுமுனை காற்றுக்குத் திறந்திருக்கும். வேலை முடிந்ததும் நல்ல மூடியைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டோம். தண்ணீர் துடித்தது, இரு பக்க மட்டங்களுக்கும் இடையே வேறுபாடு சராசரி 18 சென்டிமீட்டர். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன்தான் அளந்து சொன்னான். தமிழ் வகுப்பு நோட்டிலேயே எழுதச் சொன்னேன்.

"இந்தத் தண்ணி அளவு என்ன பெரிசா தாத்தா?" என்று கேட்டான். அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 1 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 1 கிராம் எடை அழுத்தும். 18 சென்டிமீட்டர் என்றால் 18 கிராம். ஆயில் சேம்பரின் அடி 60 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்தால் 1,500 சதுர சென்டிமீட்டர். 1,500 × 18 = 27,000 கிராம், அதாவது 27 கிலோ. ஒரு மூட்டை அரிசியை அந்தத் தகட்டின் மேல் எந்நேரமும் வைத்தது போல. பையன் வாயைப் பிளந்தான்.

பிரீதரைக் கழற்றினால் வலை முழுதும் தார் போல அடைத்திருந்தது. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் அரைக் கிலோமீட்டர். நின்று நின்று போகும் வண்டி. எஞ்சின் முழுச் சூடு ஏறுவதில்லை. உள்ளே ஈரம் ஆவியாகிப் போகாமல் எண்ணெயுடனும் கரியுடனும் சேர்ந்து பசையாகிவிடும். சில வண்டிகளில் பிரீதர் ரப்பர் குழாய் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு.

வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, குழாயை மாற்றிவிட்டு மறுபடி அளந்தோம். 18 இருந்த இடத்தில் 2 சென்டிமீட்டர். பின் சீலுக்குப் பதினோரு நாளில் என்ன நேர்ந்தது என்பது அங்கேயே விளங்கிவிட்டது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பிரீதர் சுத்தமான பிறகும் அழுத்தம் குறையவில்லை, மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறது, சைலன்சரில் நீலப் புகை என்றால் ரிங்குகள் தேய்ந்திருக்கக்கூடும். கம்ப்ரெஷன் சோதனை செய்து பார்க்க வேண்டும். அப்போது எஞ்சின் வேலையைத் தவிர்க்க முடியாது. ஆனால் அது அளந்து பார்த்த பிறகு எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும்.

நான்காம் படி: கசியும் இடத்தைச் சரிசெய்தல்

டாப்பட் கவர்: பழைய பேக்கிங்கை முழுதாகச் சுரண்டி எடுங்கள், துகள் உள்ளே விழாமல் துணி வைத்துக்கொள்ளுங்கள். தகட்டுக் கவரானால் போல்ட் துளைகளைச் சுற்றி உட்குழிந்திருக்கும். ஒருவர் ஒழுகுகிறதே என்று இறுக்கியிருப்பார், குழிந்திருக்கும், மேலும் ஒழுகும், மேலும் இறுக்கியிருப்பார். கவரை மரக்கட்டையின் மேல் வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டிச் சமமாக்குங்கள். புது பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். இந்தச் சிறு போல்ட்டுகளுக்கு வேண்டிய முறுக்கு பெரும்பாலும் 1 கிலோகிராம்-மீட்டருக்குச் சற்று முன்பின்தான். உங்கள் வண்டியின் கையேட்டு அளவைப் பாருங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து இறுக்குங்கள். முழுக் கையால் அல்ல.

சிலிக்கான் பசை: கையேடு சொல்லும் இடங்களில் மட்டும், மெல்லிய கோடாக. அள்ளி அப்பினால் மிச்சம் உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். வெளிக்கசிவை நிறுத்தப்போய் எஞ்சினுக்கே எண்ணெய் கிடைக்காமல் போய்விடும்.

டிரெய்ன் பிளக்: ஆயில் மாற்றும்போதெல்லாம் வாஷரையும் மாற்றுங்கள். செம்பு வாஷர் நசுங்கிக் கடினமாகிவிடும். புதியது கிடைக்காத நேரத்தில் அதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகிவிடும். ஷெட்டில் செய்வது இதைத்தான்.

ஆயில் சீல்: இதை மாற்றியே ஆக வேண்டும் என்றால், உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவி, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். தண்டில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது. இடமிருந்தால் சீலைச் சற்றுத் தள்ளி உட்கார வைக்கலாம், அல்லது தண்டுக்கு ஸ்லீவ் போடலாம். கிளட்ச் பிளேட் எண்ணெயில் நனைந்திருந்தால் அதையும் பார்த்துவிட வேண்டும்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று கடையில் விற்பவை காய்ந்த ரப்பரைச் சற்று உப்பவைக்கும். கிழிந்த சீலையோ அடைத்த பிரீதரையோ அவை சரிசெய்யா. கெட்டியான ஆயிலை ஊற்றுவதும் வைத்தியம் அல்ல. மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றுவதும் தவறு. கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, சமதரையில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

எப்போது தள்ளிப்போடக் கூடாது?

சூடான எக்ஸாஸ்ட் மானிஃபோல்டின் மேல் எண்ணெய் சொட்டினால் அன்றே வண்டியை நிறுத்துங்கள்; தீ விபத்துக்கு அதுவே போதும். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். வீடு அருகில்தானே என்று ஓட்டினால் பேரிங் போய்விடும். மற்றபடி வெறும் ஈரம் என்றால் அவசரமில்லை. ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயில் மூன்றையும் எழுதிவாருங்கள். கசிவு கூடுகிறதா, குறைகிறதா என்று நோட்டு சொல்லிவிடும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச்சேர வேண்டிய பொருள். டப்பாவில் சேர்த்து, முறையாக எடுத்துக்கொள்பவரிடம் கொடுங்கள்.

முடிவு

நம் அன்பருக்கு ஆன செலவு: டாப்பட் கவர் பேக்கிங், இரண்டு ரப்பர் குழாய், கிளிப்புகள், மண்ணெண்ணெய் எல்லாம் சேர்த்து 870 ரூபாய். ஒரு ஞாயிறு மாலையில் வேலை முடிந்தது. மறுநாள் விடியற்காலை வண்டி வழக்கம்போல் கிளம்பியது. நான்கு நாளைக்கு ஒரு லிட்டர் ஆயில் கேட்ட வண்டி, அடுத்த 1,000 கிலோமீட்டரில் கால் லிட்டருக்குச் சற்று மேல்தான் கேட்டது. பட்டறையில் போட்ட அந்தப் பின் சீல் நல்ல சீல்தான். இப்போது உலர்ந்தே இருக்கிறது.

பட்டறைக்காரர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் ஏமாற்றவில்லை, அளக்கவில்லை, அவ்வளவுதான். நானும் ஒரு காலத்தில் மூன்று முறை பேக்கிங் மாற்றியவன்தானே! பலகையை எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன். அளவெடுத்துத் தானும் ஒன்று செய்துகொண்டார்.

இந்தப் பாடத்தின் சுருக்கம்: எந்த எண்ணெய் என்று அறிக. துடைத்துவிட்டு, மேலிருந்து தேடுக. பிரீதரைக் கழுவி, அழுத்தத்தை அளக்க. அதன் பிறகே சீலையும் பேக்கிங்கையும் மாற்றுக. இந்த வரிசை மாறினால் பணமும் போகும், கசிவும் நிற்காது.

அந்த 'யூ' குழாய்ப் பலகையைச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் ஞாயிறு மாலை தமிழ் வகுப்பு நேரத்தில் வந்து எடுத்துச் செல்லலாம். பயன்படுத்தியதும் திருப்பித் தந்துவிடுங்கள். எப்படி மாட்டுவது என்று தெரியாவிட்டால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கேளுங்கள். அவன் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறான்.